காகிதமா, ஃபிக்மாவா? ஏற்காட்டில் ஆப் சோதிக்கப் போகிறவர்களுக்கு

சேலம் கல்லூரிகளில் இன்டராக்‌ஷன் டிசைன், அதாவது ஆப் போன்றவற்றை மனிதர்கள் பயன்படுத்தும் விதத்தை வடிவமைக்கும் பாடம், நடத்துகிறவர்களுக்கு ஏற்காட்டுக் காபித் தோட்டங்கள் அருமையான களம். பறித்த பழத்தை எடை போட்டுப் பதியும் ஆப் ஒன்றை செமஸ்டர் வேலையாகக் கொடுக்கிறோம் என்று வையுங்கள். முதல் வடிவத்தைக் காகிதத்தில் சோதிப்பதா, திரைகளை வரைந்து தட்டிப் பார்க்க உதவும் ஃபிக்மா மென்பொருளிலா?

முதல் சுற்றுக்குக் காகிதம்தான். போன் அளவுக்கு வெட்டிய அட்டை, திரைக்கு ஒன்று. ஒருவர் வேலையைச் சொல்வார், ஒருவர் கம்ப்யூட்டராக இருந்து அட்டை மாற்றுவார், ஒருவர் குறிப்பெடுப்பார். "நேத்து எடை எங்க தம்பி காட்டும்?" என்று மேஸ்திரி கேட்டால், விட்டுப்போன திரையை அங்கேயே எழுதி நீட்டலாம். பென்சில் கோடு என்பதால் தயங்காமல் குறை சொல்வார்கள். பளபளப்பான திரையைக் காட்டினால் "நல்லா இருக்குங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும். காகிதச் சோதனையைக் கெடுப்பது பெரும்பாலும் அட்டை மாற்றுபவர்தான். "அங்க இல்லீங்க, இங்க" என்று வாய் திறந்தால் அந்தச் சோதனை வீண்.

ஃபிக்மாவில் அந்த வாயை மென்பொருளே திறக்கிறது. தவறான இடத்தில் தட்டினால், தட்ட வேண்டிய இடங்களை நீல நிறத்தில் மின்னிக் காட்டும். அதை அணைக்காமல் போனைக் கொடுத்தால் வந்த முடிவை நம்பவே முடியாது.

ஆனால் காகிதம் மறைப்பதை ஃபிக்மாதான் காட்டும். கையால் எழுதும்போது 'பதிவு செய்யவும்' என்பதை நெருக்கி எழுதிவிடுவோம். திரையில் அது பொத்தானைத் தாண்டி ஓடும். வரி உயரம் குறைந்தால் 'கீ'யின் சுழியும் 'ழு'வின் கீழ் வளைவும் அடுத்த வரியில் இடிக்கும். எழுத்தளவில் ஒன்றரை மடங்கு வைத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு சொல்லும் 48 டிபி (திரையில் அளவு குறிக்கும் அலகு) பொத்தான், அதாவது சுமார் 9 மி.மீ., ஈர விரலுக்குப் போதுமா என்பதும் உண்மையான போனில்தான் தெரியும். ஆய்வுக்கு நேரம் அளப்பவர்கள் காகிதத்தை நாடவே கூடாது: அளப்பது அட்டை மாற்றும் கையின் வேகத்தையும் சேர்த்துத்தான்.

எத்தனை பேர்? ஐந்து பேரே 85 சதவீதக் கோளாறுகளைக் காட்டிவிடுவார்கள் என்ற கணக்கு, பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த நீல்சனும் லாண்டவரும் 1993-இல் தந்த சூத்திரத்திலிருந்து வந்தது. ஒருவர் சராசரியாக 31 சதவீதம் கண்டுபிடிப்பார் என்றால்தான் அது பொருந்தும். பறிப்பவரும் மேஸ்திரியும் வேறு வேறு பயனர்கள். ஒரே ஐந்துக்குள் கலக்காதீர்கள்.

பறிப்பு பெரும்பாலும் நவம்பரில் தொடங்கி பிப்ரவரிக்குள் முடிகிறது. காகிதச் சுற்றை ஜனவரிக்குள் முடித்தால்தான், திருத்திய ஃபிக்மா வடிவத்தை எடை போடும் இடத்திலேயே சோதிக்க முடியும்.