மூலப்பாறையிலிருந்து கணக்கிடுவதா, பொறியிலிருந்து கணக்கிடுவதா?

ஒரு வண்டல் படுகையில் எவ்வளவு எண்ணெயும் எரிவாயுவும் இருக்கலாம் என்று மதிப்பிட முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. கரிமச் சத்து சூட்டில் எண்ணெயாக மாறும் மூலப்பாறையில் தொடங்கி, அது ஈன்ற எண்ணெய் எவ்வளவு, வழியில் சிதறியது போக எஞ்சியது எவ்வளவு என்று கழித்துக்கொண்டே வருவது ஒரு வழி. எண்ணெய் மேலே தப்பிவிடாமல் சிக்கி நிற்கக்கூடிய பாறை அமைப்புகளை, அதாவது நில அதிர்வு அலைப் படத்தில் தெரியும் பொறிகளை, ஒவ்வொன்றாக எடுத்து, அதில் எவ்வளவு கொள்ளும், அது நிரம்பியிருக்க எத்தனை வாய்ப்பு என்று பார்த்துக் கூட்டிக்கொண்டே போவது மற்றொரு வழி. விடுமுறைக்கு மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வந்திருந்த என் அக்காள் மகள், தன் இறுதியாண்டு ஆய்வுக்கு "இரண்டில் எதை எடுக்கட்டும் மாமா?" என்று கேட்டாள். முதுகலை ஆய்விலும் அதற்குப் பிறகு திரங்கானுக் கடற்பகுதி சார்ந்த வேலையிலும் நான் பொறிவழிக் கணக்கையே தேர்ந்துகொண்டவன் என்பதால், என் சாய்வை மறைக்காமல் அவளுக்குச் சொன்னவற்றை இங்கே விரித்து எழுதுகிறேன்.

மூலப்பாறை வழியின் பெருமையை முதலில் சொல்லிவிடுவது நியாயம். தோண்டிய கிணறே இல்லாத படுகையில் அதுதான் கைகொடுக்கும்; எண்ணெய் இருக்கவே முடியாத இடத்தை அது விரைவில் விலக்கியும் விடும். எங்கள் ஊரில் செம்பனைத் தோட்டத்து மண்ணுக்கடியில் எண்ணெய் இருக்குமா என்று கேட்காத பெரியவர்கள் குறைவு. கிழக்கே நிற்கும் மலை கருங்கல். ஈப்போவுக்குப் போகும் வழியில் நிற்கும் சுண்ணக்கல் குன்றுகளோ அந்தக் கருங்கல் உருகி மேலேறிய காலத்துச் சூட்டில் பெரும்பாலும் சலவைக்கல்லாக மாறியவை. இரண்டிலும் தேடிப் பயனில்லை. கோலகங்சார் பக்கத்து எங்கோரிலும் சிலாங்கூரின் பத்து ஆராங்கிலும் நிலக்கரியுடன் கூடிய சிறு படுகைகள் உள்ளன. பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டியிருக்கிறார்கள். ஆனால் அது முதிராத கரி. பாறை எவ்வளவு சூடேறி முதிர்ந்தது என்பதைக் காட்டும் நிலக்கரித் துகளின் ஒளிதிருப்பும் அளவு ஏறத்தாழ 0.6 விழுக்காட்டைத் தாண்டினால்தான் பாறை எண்ணெய் ஈனத் தொடங்கும், 1.3-ஐத் தாண்டினால் எண்ணெய்க்குரிய காலம் முடிந்து வாயுதான் மிஞ்சும். அந்த வாசலையே எட்டாத, அகலமும் ஆழமும் குறைந்த படுகையில் பொறிகளைத் தேடி வரைபடம் போடுவது வீண்வேலை. இங்கே மூலப்பாறை வழிக்கே வெற்றி.

மலாய்ப் படுகை போன்ற ஒன்றுக்கு வரும்போதுதான் அதன் குறை வெளிப்படுகிறது. தீபகற்பத்தின் கிழக்குக் கடலடியில் சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அப்படுகையின் நடுவில் வண்டல் 12 கிலோமீட்டருக்கும் மேல் கனத்திருக்கிறது. அடியில் ஏரிக் களிப்பாறையும் அதற்கு மேல் நிலக்கரி கலந்த களிப்பாறையும் மூலப்பாறைகளாக இருப்பதை மறுப்பார் இல்லை. பாறையின் கன அளவு, அடர்த்தி, கரிமச் சத்து, அந்தச் சத்தில் எண்ணெயாக மாறக்கூடிய பங்கு ஆகியவற்றைப் பெருக்கினால் ஒரு மாபெரும் எண் வந்துவிடும். உதாரணத்துக்கு அது 10,000 கோடி பீப்பாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் பொறிகளைச் சென்று சேர்ந்தது 2 விழுக்காடு என்றால் 200 கோடி. 10 விழுக்காடு என்றால் 1,000 கோடி. இவ்விரண்டில் எது சரி என்று எந்தத் தனிக் கிணறும் சொல்லாது. பாறை ஈன்றது எவ்வளவு என்பதை ஆய்வகத்தில் ஓரளவு அளக்கலாம். வழியில் தொலைந்தது எவ்வளவு என்பதை அளக்கும் கருவி இல்லை.

நான் பொறிவழியைத் தேர்ந்ததற்கு முதன்மையான காரணம் இதுதான்: ஒரு மதிப்பீட்டின் தரம் முதல் நாள் வரும் எண்ணில் இல்லை, அடுத்த கிணறு தோண்டிய பிறகு அதைத் திருத்த முடிகிறதா என்பதில் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் வரப்போகும் மாதங்களின் விளைச்சலை, போட்ட உரத்தையும் பெய்த மழையையும் வைத்தும் சொல்லலாம். வெளிக்காட்டில் நடந்து, குறித்த மரங்களில் நிற்கும் கருங்குலைகளை எண்ணியும் சொல்லலாம். எண்ணிச் சொன்ன கணக்கு பிழைத்தால், எந்த வரிசையில் பிழைத்தது என்று போய்ப் பார்க்க முடியும்.

ஒரு பொறியை எடுத்துக்கொள்வோம். பரப்பு 10 சதுரக் கிலோமீட்டர், எண்ணெய் தாங்கும் மணற்கல்லின் நிகரத் தடிமன் 20 மீட்டர். பாறையின் கன அளவு 20 கோடி கன மீட்டர். நுண்துளைகள் 22 விழுக்காடு என்றால் வெற்றிடம் 4.4 கோடி, அதில் 35 விழுக்காட்டை நீர் பிடித்துக்கொள்ள, எண்ணெய்க்கு மிஞ்சுவது 2.86 கோடி. மேலே வரும்போது கரைந்திருந்த வாயு பிரிந்து எண்ணெய் சுருங்குவதால் 1.3-ஆல் வகுத்தால் 2.2 கோடி கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 13.8 கோடி பீப்பாய். அதில் 35 விழுக்காட்டை வெளியே எடுக்க முடியும் என்று கொண்டால் 4.8 கோடி. இது எண்ணெய் இருந்தால் கிடைப்பது. இருப்பதற்கான வாய்ப்பைத் தனியே பெருக்க வேண்டும்: மூலப்பாறையும் எண்ணெய் வந்துசேரும் வழியும் 0.9, எண்ணெயைத் துளைகளில் தாங்கும் தேக்கப்பாறை 0.7, பொறியின் வடிவம் 0.8, எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் மூடுபாறை 0.6, பெருக்கினால் சுமார் 0.30.

அங்கே கிணறு தோண்டி, நீர்தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். செய்தித்தாளுக்கு அது தோல்வி. ஆனால் கழுவி உலர்த்திய பாறைத்துகள் தட்டைப் புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் நகர்த்தும்போது, மணல் துகள்களுக்கிடையே அங்கங்கே வெளிறிய மஞ்சள் ஒளி தெரிகிறது. சுண்ணச்சத்துள்ள கனிமமும் ஒளிரும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஒரு துளி கரைப்பானை விட்டதும் துகளிலிருந்து பால் போன்ற நீல வெண்மை இழை இழையாகக் கசிந்து பரவினால், எண்ணெய் இவ்வழியே வந்திருக்கிறது என்பது உறுதி. ஆகவே அடுத்த பொறிக்கு மூலப்பாறையின் மதிப்பை 1.0 என்றே போடலாம். மணற்கல் நன்றாக இருந்ததால் தேக்கப்பாறை 0.9 ஆகிறது. பொறியை ஒரு பக்கம் அடைக்க வேண்டிய நிலப்பிளவின் மறுபக்கத்திலும் மணலே இருந்து எண்ணெய் ஒழுகிப்போயிருப்பதால் மூடுபாறை 0.4-க்கு இறங்குகிறது. வடிவம் அப்படியே 0.8. பெருக்கினால் சுமார் 0.29. மொத்த வாய்ப்பு ஏறக்குறைய மாறவில்லை. ஆனால் ஐயத்தின் பெரும்பகுதி இப்போது பிளவின் மூடுதிறனில் வந்து குவிந்துவிட்டது, எனவே அடுத்த பணத்தை எந்த ஆய்வில் போடுவது என்பது தெரிந்துவிட்டது. பிளவை நம்பாமல் நாற்புறமும் சரியும் வளைவுப் பொறி பக்கத்தில் இருந்தால் அதற்கே முன்னுரிமை. மூலப்பாறை வழியில் எண்ணெய் வராத இதே கிணறு 2 விழுக்காட்டையோ 10 விழுக்காட்டையோ ஒரு புள்ளிகூட அசைத்திருக்காது.

பொறிவழியிலும் வழுக்கும் இடம் உண்டு, அது நீர்ச்செறிவு, அதாவது துளைகளில் நீர் பிடித்துக்கொள்ளும் பங்கு. 1942-இல் ஆர்ச்சி வகுத்த சூத்திரப்படி, கிணற்றில் அளந்த பாறையின் மின்தடையிலிருந்து அதைக் கணிக்கிறோம். அச்சூத்திரம் தூய மணலுக்கானது. மலாய்ப் படுகையில் மணலும் களியும் மெல்லிய அடுக்குகளாக மாறி மாறி வரும் இடங்களில், களி மின்தடையைக் குறைத்துக் காட்டிவிடுவதால் எண்ணெய் மணலும் நீர் மணலைப் போலத் தோன்றும். மேற்சொன்ன கணக்கில் 35-க்குப் பதில் 50 விழுக்காடு நீர் என்று போட்டால் 13.8 கோடி பீப்பாய் 10.6 கோடியாகிவிடும். கிணற்றிலிருந்து உருளையாக வெட்டியெடுக்கும் பாறைத்தண்டை எடுத்து ஒத்துப் பார்க்காத நீர்ச்செறிவை ஒற்றை எண்ணாக எழுதாமல் வீச்சாக எழுதும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

என் அனுபவம் மணற்கல் சார்ந்தது. சரவாக்கின் கடற்பகுதியான மத்திய லுக்கோனியாவில் வாயு தாங்கும் சுண்ணக்கல் திட்டுகளில் துளைகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், அங்கே சராசரி நுண்துளைமையைப் பெருக்குவதில் நான் இதே துணிவுடன் பேச மாட்டேன். படத்தில் தெரியாத பொறிகளைப் பொறிவழி கணக்கில் சேர்க்காது என்பதும் உண்மை. கூட்டி வந்த எண் மூலப்பாறை ஈன்ற அளவை மீறுகிறதா என்று பார்க்க அந்த மாபெரும் எண்ணையும் ஒருமுறை போட்டு வைப்பது நல்லது. அவளுடைய ஆய்வு எரிவாயுவைப் பற்றியது என்றால் இன்னொன்றும் சேர வேண்டும். மலாய்ப் படுகையிலும் சரவாக்கிலும் சில வயல்களின் வாயுவில் பாதிக்கு மேல் கரியமிலவாயுவே இருப்பதால், பொறியின் கன அளவைக் கணக்கிட்டவுடன் அந்தப் பங்கைக் கழித்துவிட்டுத்தான் எரியக்கூடிய வாயு இவ்வளவு என்று எழுத வேண்டும்.