நான்கு ஆண்டுகள் பூசிப் பார்த்த பிறகு என்னிடம் தங்கியவை

கண்ணோரக் கோடுகளுக்காக முதலில் எடுத்தது ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ-இன் ஒரு வடிவம். ஆர்வத்தில் தினமும் பூசினேன். பத்தே நாளில் மூக்கோரமும் வாயோரமும் உரிந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. மூன்று வாரம் நிறுத்திவிட்டு, வாரத்துக்கு இரண்டே இரவுகள், பட்டாணி அளவு, அதுவும் ஈரப்பதக் கிரீமுக்கு மேல் என்று திரும்பத் தொடங்கினேன். ஐந்தாவது மாதத்தில்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. தோலுக்குள் போய் ரெட்டினாயிக் அமிலமாக மாறினால்தான் அது வேலை செய்யும். அதனால் பொறுமை கட்டாயம்.

எரிச்சலுக்குப் பயந்து இடையில் எட்டு மாதம் பாகுசியாலுக்கு மாறினேன். கார்போக அரிசிச் செடியிலிருந்து கிடைக்கும் பொருள் இது. 2019-இல் வெளியான ஆய்வொன்றில் 44 பேர் 12 வாரம் பயன்படுத்தியபோது, சுருக்கத்திலும் கருமையிலும் ரெட்டினாலுக்கு ஈடான பலன் தெரிந்தது. உரிதலும் எரிச்சலும் குறைவு. என் தோலிலும் எரிச்சல் இல்லை. ஆனால் கோடுகளில் ரெட்டினால் தந்த பலன் எனக்குக் கிடைக்கவில்லை. (கருவுற்றிருப்பவர்கள் ரெட்டினால் உள்ளிட்ட ரெட்டினாய்டு வகைப் பொருட்களைத் தவிர்க்க வேண்டும். பாகுசியாலும் அந்தக் காலத்துக்குப் பாதுகாப்பானது என்று நிறுவப்படவில்லை, மருத்துவரைக் கேளுங்கள்.)

அதிக நம்பிக்கையோடு வாங்கி ஏமாந்தது சால்மன் மீனின் டிஎன்ஏவிலிருந்து எடுக்கும் பிடிஆர்என் சீரம். பூசியதும் முகம் பளபளக்கும். மறுநாள் காலை பழைய முகமே. காரணத்தைத் தேடிப் படித்தேன். சுமார் 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் தோலின் மேலடுக்கைத் தாண்டுவது கடினம். ரெட்டினாலின் எடை 286. பிடிஆர்என்னோ 50,000-க்கும் மேல். அதைப் பற்றிய நல்ல முடிவுகளில் பெரும்பாலானவை ஊசி வழியாகவும் காயங்களிலும் கிடைத்தவை. புட்டியின் மேல் அதைச் சொல்லாமல் விடுவது எனக்கு இன்னும் கோபம் தருகிறது. செல்கள் வெளியிடும் நுண்பைகளான எக்ஸோசோம்கள் கலந்த சீரம் பக்கம் நான் போகாததற்கும் இதுதான் காரணம்.

அடுத்து, செம்பு இணைந்த சிறு புரதத் துண்டான செம்புப் பெப்டைடு. அதன் எடை சுமார் 400. ஆனால் அது நீர்விரும்பி என்பதால் எளிதில் உள்ளே போகாது. கோடுகள் குறையவில்லை என்றாலும், ரெட்டினாலால் வரும் சிவப்பு எனக்கு விரைவில் தணிந்தது. அதனால் வைத்துக்கொண்டேன்.

ஒப்பிட வேண்டுமானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். குறைந்தது மூன்று மாதம், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். நான் முதல் ஆண்டில் இரண்டைச் சேர்த்துத் தொடங்கியதால் எது எரித்தது என்றே தெரியாமல் போனது.

இப்போது வாரத்தில் மூன்று இரவுகள் ரெட்டினால், மற்ற இரவுகளில் செம்புப் பெப்டைடு, காலையில் தவறாமல் சன்ஸ்கிரீன். பிடிஆர்என் புட்டி தீர்ந்தது, மறுபடி வாங்கவில்லை.