தாமதம்கூடப் பரவாயில்லை, கவுண்டரில் நடந்ததுதான் கடுப்பு

சென்னை – கோவை மாலை விமானம். மழை, பனி என்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது, அது புரிகிறது. ஆனால் முதலில் முக்கால் மணி நேரத் தாமதம் என்று ஒரு குறுஞ்செய்தி, அப்புறம் இன்னொன்று, பிறகு போர்டில் நேரமே காணோம், கேட்டால் “ஆபரேஷனல் ரீசன் சார்” என்று ஒரே பாட்டு. சர்க்கரை நோய் உள்ள ஒரு பெரியவர் சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்டதற்கு, ஊழியர் கணினியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இவ்வளவு குறுகிய பயணத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதமானாலே உணவு தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. நாலு பேர் சேர்ந்து அதைச் சொன்ன பிறகுதான் ஜில்லென்று ஒரு சாண்ட்விச்சும் ஜூஸ் பாக்கெட்டும் வந்தன.

இதற்குள் ஒருவர் மேசையைத் தட்டி, கவுண்டரில் இருந்த அந்த ஊழியப் பெண்ணை ஒருமையில் திட்ட ஆரம்பித்துவிட்டார். அது தப்பு. இதுவே விமானத்துக்குள் என்றால், 2017ல் வந்த விதிப்படி வாய்த் தகராறுக்கே 3 மாதம் வரை பறக்கத் தடை போடலாம். ஆனால் எந்தத் தகவலும் கொடுக்காமல் ஒரு சின்னப் பெண்ணை முன்னால் நிறுத்திவிட்டு, மேனேஜர் உள்ளேயே உட்கார்ந்திருந்தாரே, அவரை என்ன சொல்ல?

ஐந்துக்கு ஒன்றரை ஸ்டார். அந்த அரை, மைக்கில் நேராக மன்னிப்புக் கேட்ட விமானிக்கு. விமானப் பயணிகள் புகார் செய்வதற்கான அரசுத் தளமான ஏர்சேவாவில் புகார் போட்டிருக்கிறேன், போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அங்கே அதில் இருக்கும் பிஎன்ஆர் (டிக்கெட் முன்பதிவு) எண் கேட்பார்கள்.