பள்ளி ஆப்பில் ‘சம்மதிக்கிறேன்’ என்று டிக் அடிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ஒரு புதன்கிழமை மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்ததும் ஒரு பெண் குரல் என் மகளின் பெயரைச் சொல்லி, “அவங்க அம்மாதானே மேடம்?” என்றது. பள்ளியிலிருந்துதான் பேசுகிறார்கள், பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி எழுந்தேவிட்டேன். அடுத்து வந்தது இது: “பாப்பா இந்தத் தடவை கணக்குல 41தானே எடுத்திருக்காங்க? இப்பவே கவனிக்கலைன்னா ஒன்பதாவதுல ரொம்பக் கஷ்டம் மேடம். எங்ககிட்ட ஒரு கோர்ஸ் இருக்கு...”

அந்த 41 எங்கள் வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். பாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. வெளியே தெரிந்த இடங்கள் இரண்டு: கணக்கு டீச்சரின் பதிவேடு, பள்ளி எங்களைக் கட்டாயமாக இறக்கச் சொன்ன ஆப்.

“உங்களுக்கு இது எப்படிங்க தெரியும்?” என்று கேட்டேன். “டேட்டாபேஸ்ல இருக்கு மேடம்” என்றார். மழை பெய்து தானாக நிரம்பிய ஏரியைப் பற்றிப் பேசுவதுபோல, அவ்வளவு சாதாரணமாக.

போனை வைத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பெண் என் மகளின் பெயரைத் தப்பாகச் சொன்னார். பள்ளி அலுவலகத்தில் ஆப்புக்காகப் பெயர்களை ஏற்றியபோது அவள் பெயரில் ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள். மூன்று முறை சொல்லியும் யாரும் திருத்தவில்லை. உலகத்தில் வேறு எந்த ஆவணத்திலும் அந்தப் பிழை கிடையாது. அந்தப் பிழையோடுதான் அன்று அவள் பெயரைக் கேட்டேன்.

இனி நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். வருட ஆரம்பத்தில் சுற்றறிக்கை வந்தது. வீட்டுப்பாடம், வருகைப் பதிவு, மதிப்பெண் எல்லாம் இனி இந்த ஆப்பில்தான், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதிவு செய்யவும் என்று. கூடவே ஒரு படிவம். பிறந்த தேதி, ரத்தப் பிரிவு, பெற்றோரின் தொழில், வருமானம், உடன்பிறந்தவர்களின் பெயர், வயது. வீட்டுப்பாடம் அனுப்புவதற்கு என் வருமானம் எதற்கு என்று அப்போதே தோன்றியது. ஆனால் பிள்ளையை வகுப்பில் தனியாக நிற்க வைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? நிரப்பிக் கொடுத்தேன். ஆப்பைத் திறந்தால் முதல் திரையிலேயே நீளமான விதிமுறைகள், கீழே ஒரு கட்டம். டிக் அடிக்காமல் உள்ளே போக முடியாது. அடித்தேன். நீங்களும் அப்படித்தான் அடித்திருப்பீர்கள்.

அந்தப் புதன்கிழமைக்கு அப்புறம் ஒரு நோட்டில் குறித்துவைக்க ஆரம்பித்தேன். முதல் மாதம் மட்டும் 26 அழைப்புகள். டியூஷன், கோடிங் வகுப்பு, ஒலிம்பியாட், நினைவாற்றல் பயிற்சி. ஒருவர் என் கணவரின் தொழிலைச் சொல்லி, “உங்க லெவலுக்கு இந்தக் கட்டணம் ஒண்ணும் பெரிசில்ல, சார்கிட்ட கேட்டுப் பாருங்க” என்றார். ஒன்றை மறுத்தால் இன்னொன்று.

பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை மரியாதையாகத்தான் பேசினார். “நாங்க யாருக்கும் கொடுக்கறதில்லம்மா. ஆப் கம்பெனியைக் கேளுங்க.” கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்துப் பதில்: “பள்ளியின் அறிவுறுத்தலின்படியே செயல்படுகிறோம், தயவுசெய்து பள்ளி நிர்வாகத்தை அணுகவும்.” மறுபடியும் பள்ளிக்குப் போனால், “அதான் கம்பெனியே பதில் போட்டிருக்காங்களேம்மா.”

சரி, என் மகளின் விவரங்கள் அனைத்தையும் அழித்துவிடுங்கள் என்று எழுதினேன். அதற்கு உடனே பதில் வந்துவிட்டது. கணக்கு வெற்றிகரமாக நீக்கப்பட்டதாம். நான்கு மாதம் கழித்து ஏதோ சந்தேகத்தில், ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ என்ற இடத்தை அழுத்தி, பழைய மொபைல் எண்ணைப் போட்டேன். ஓடிபி வந்தது. உள்ளே போனால் எல்லாம் அப்படியே இருக்கிறது. சீருடையில் அவள் புகைப்படம், காய்ச்சலில் வராத நாட்கள், அந்த 41. கணக்கு என் கண்ணுக்கு மட்டும்தான் மறைந்திருந்திருக்கிறது.

கம்பெனிதான் விற்றது என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பள்ளியில் யாராவது ஒருவர் எக்செல் கோப்பாக அனுப்பியிருக்கலாம். கம்பெனியின் ‘பங்குதாரர்’ யாராவது எடுத்திருக்கலாம். விதிமுறைகளைப் பிறகு பொறுமையாகப் படித்தபோது, ‘எங்கள் சேவையை மேம்படுத்தும் பங்குதாரர்களுடன் பகிரலாம்’ என்று ஒரு வரி இருந்தது. எத்தனை பேர், யார் என்று இல்லை. திருடு போனது என் வீட்டுப் பொருள். யார் எடுத்தார்கள் என்று கண்டுபிடிக்கவேண்டியவளும் நானே.

ஆப்பின் அனுமதிகளைப் பார்த்தீர்களா? நான் அன்றுதான் பார்த்தேன். வீட்டுப்பாடம் காட்டுகிற ஆப்புக்கு இருப்பிடம், தொடர்புப் பட்டியல், மைக் மூன்றும் திறந்திருந்தன. இது எங்கள் ஒருவர் தலைவிதி என்று நினைக்கவேண்டாம். பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 160க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்து 2022இல் அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது, பிள்ளைகளின் உரிமையை மீறும் விதத்தில் அவர்கள் தகவலைக் கையாண்டன, அல்லது அதற்கு வழி வைத்திருந்தன. ஆப்பைச் செய்தவர் நல்லவராகவே இருந்தாலும், உள்ளே பதித்திருக்கும் விளம்பர நிறுவனங்களின் நிரல்துண்டுகள் தம் பங்குக்குத் தகவலை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நான் தேடிப் படித்தவரை, ஓட்டை எங்கே என்று தெரிந்துகொள்ளத்தான் அதிக நேரம் ஆனது.

அமெரிக்காவில் மாணவர் பதிவேடுகளுக்கென்றே ஃபெர்பா என்ற சட்டம் 1974லேயே வந்துவிட்டது. பதிவேடு என்றால் இரும்பு அலமாரியில் இருக்கும் கோப்பு என்ற காலத்துச் சட்டம். பிற்பாடு வந்த விதிகள், பள்ளி வேலை கொடுத்த வெளி நிறுவனத்தையும் சில நிபந்தனைகளோடு ‘பள்ளி அலுவலர்’ என்றே எண்ண இடம் கொடுத்தன. ஆப் கம்பெனியும் நம் கணக்கு டீச்சரும் ஒன்று! மீறினால் என்ன? அரசு நிதி நிறுத்தப்படும் என்கிறது சட்டம். அப்படி ஒரு பள்ளிக்குக்கூட நிறுத்தியதில்லை. பெற்றோர் நேரடியாக வழக்குப் போடலாமா என்றால், அந்தச் சட்டத்தின் கீழ் முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002இல் சொல்லிவிட்டது.

13 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலை இணையத்தில் காக்க 1998இல் அங்கேயே கோப்பா என்ற இன்னொரு சட்டம் வந்தது. அதன்கீழ் 2023இல் எட்மோடோ என்ற கல்வித் தளத்தின் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து 60 லட்சம் டாலர் அபராதம் கேட்டது. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் தகவலைத் திரட்டி விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது ஒரு குற்றச்சாட்டு. சட்டத்தைக் கடைப்பிடிக்கும் வேலையையே பள்ளிகள் தலையில் கட்டியது இன்னொன்று. படித்தபோது எனக்கு அந்த ஒன்பதாம் நாள் மின்னஞ்சல்தான் ஞாபகம் வந்தது.

இந்தியாவின் 2023ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காகிதத்தில் கடுமையாகத்தான் இருக்கிறது. 18 வயது வரை குழந்தை. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். பிள்ளை இணையத்தில் என்ன செய்கிறது என்று பின்தொடர்வதும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் 2025 நவம்பரில் அறிவித்த விதிகளில், கல்வி நடவடிக்கைக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் கண்காணிப்பதென்றால் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு. ‘கல்வி நடவடிக்கை’ என்ற சொல்லுக்குள் எதைத்தான் நுழைக்க முடியாது? முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அறிவிப்பிலிருந்து 18 மாத அவகாசம் வேறு. அபராதமும் அரசுக்குத்தான் போகும், பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு ஒன்றும் வராது. கவனக்குறைவால் தகவல் கசிந்தால் நஷ்டஈடு கேட்கப் பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. புதுச் சட்டம் அதை எடுத்துவிட ஏற்பாடு செய்திருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னை யோசிக்கவைத்தது ஸ்வீடனில் நடந்த ஒரு சின்ன வழக்கு. ஷெலெஃப்டியோ என்ற ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளி, வருகைப் பதிவு எடுக்க முகம் அடையாளம் காணும் கேமராவைச் சோதித்துப் பார்த்தது. 22 மாணவர்கள், சில வாரங்கள், அவ்வளவுதான். சம்மதம் வாங்கிக்கொண்டுதான் செய்தோம் என்றது பள்ளி. தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதை ஏற்கவில்லை. மாணவர் பள்ளியைச் சார்ந்து இருப்பவர், அந்த நிலையில் கொடுக்கும் சம்மதம் சுயவிருப்பத்தில் கொடுத்ததாகாது என்று சொல்லி, 2019இல் நகராட்சிக்கு இரண்டு லட்சம் குரோனர் அபராதம் போட்டது. ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஸ்வீடன் விதித்த முதல் அபராதம் அதுதான்.

நான் அடித்த டிக்கும் அதே ஜாதிதானே? வேண்டாம் என்று சொல்ல வழியில்லாதவளிடம் வாங்கியது. ஆகவே சட்டம் பலப்படவேண்டும் என்று நான் கேட்பது, இன்னும் நீளமான சம்மதப் படிவத்தை அல்ல. பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செய்யக்கூடாதவை என்று ஒரு பட்டியல் சட்டத்தில் இருக்கட்டும். விற்பது, விளம்பரத்துக்குக் கொடுப்பது, பாடத்துக்குச் சம்பந்தமில்லாததைக் கேட்பது எல்லாம் அதில் வரட்டும். பள்ளிக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பெற்றோர் பார்க்க உரிமை வேண்டும். நான் கேட்டபோது ‘அது உள்விவகாரம்மா’ என்றார்கள். கசிந்தது தங்களிடமிருந்து இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையதாகட்டும்.

பிள்ளை பள்ளியை விட்டுப் போனதும் கணக்கு மட்டுமில்லாமல் தகவலும் போகவேண்டும். 2024 டிசம்பரில் பவர்ஸ்கூல் என்ற பெரிய பள்ளி மென்பொருளுக்குள் யாரோ, திருடிய ஒரு பாஸ்வேர்டை வைத்து நுழைந்துவிட்டார்கள். கனடாவின் டொராண்டோ பள்ளி வாரியம், 1985 முதல் படித்தவர்களின் விவரம்கூட அதில் அகப்பட்டிருக்கலாம் என்று அறிவித்தது. நாற்பது வருடம்! திருடியதை அழித்துவிடுவார்கள் என்று நம்பி நிறுவனம் அவர்களுக்குப் பணமும் கொடுத்தது. 2025 மே மாதம் அதே தகவலைக் காட்டிப் பள்ளி வாரியங்களுக்கே நேராக மிரட்டல் வந்தது.

சட்டம் வரும்வரை நான் செய்வது இவ்வளவுதான். பள்ளிக்கென்று தனி மின்னஞ்சல் வைத்திருக்கிறேன். அங்கே விளம்பரம் வந்தால் எங்கிருந்து கசிந்தது என்று தேடவேண்டியதில்லை. ஆப்பின் அனுமதிகளை எல்லாம் மூடிவிட்டேன், வீட்டுப்பாடம் ஒழுங்காகத்தான் வருகிறது. பள்ளிக்கு வந்து ‘இலவசத் திறனறித் தேர்வு’ நடத்துகிறவர்களின் விடைத்தாளில் போன் எண் எழுதாதே என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். பள்ளியோடு எதையும் வாய்மொழியாகப் பேசுவதில்லை. கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுகிறேன். அலுவலகத்தில் என்னைக் கண்டால் இப்போது கொஞ்சம் முகம் சுளிக்கிறார்கள்.

இந்த வருடப் படிவம் போன வாரம் வந்தது. அதே கட்டங்கள்தான். வருமானம், தொழில், உடன்பிறந்தவர் மூன்றையும் வெறுமையாக விட்டு அனுப்பினேன். மறுநாள் மகளின் பையிலேயே திரும்பி வந்தது. மூன்று கட்டங்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘முழுமையாக நிரப்பவும்’ என்று எழுதியிருந்தார்கள். நான் பின்பக்கத்தில் ‘இவை எதற்கு, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள்?’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேலே அவள் பெயரில் இன்னமும் அந்த ஓர் எழுத்து கூடுதலாகத்தான் இருக்கிறது.