பாளையங்கோட்டை சனிக்கிழமை வரலாற்று வகுப்பு: அமெரிக்க மக்கள் கட்சித் தொடருக்குப் போகலாமா?

போகலாம். ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்துகூடக் கேட்கலாம், அவ்வளவு நன்றாக இருக்கிறது. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாடி ஹால். ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே வகுப்பு எடுக்கிறார். ஒரு தலைப்புக்கு நான்கு வகுப்பு, மொத்தம் 500 ரூபாய், படிக்கிற பிள்ளைகளுக்குப் பாதி. இந்தத் தடவை எடுத்த தலைப்பு, அமெரிக்காவில் 1892-இல் முதல் ஜனாதிபதித் தேர்தலைச் சந்தித்து 1896-இலேயே சரிந்துபோன மக்கள் கட்சி. நம் ஊரில் யார் இதற்கு வருவார்கள் என்று நினைக்கலாம், ஆனால் ஹால் நிறைந்துதான் இருந்தது: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், ரிட்டையர்ட் வாத்தியார்கள், வக்கீல்கள், பின்வரிசையில் பருத்தி வியாபாரம் பார்க்கிற ஒரு அண்ணாச்சி. அந்த அண்ணாச்சி கேட்ட கேள்விகள்தான் பாதி வகுப்பை நடத்தின என்றுகூடச் சொல்வேன்.

சார் ஆரம்பித்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வாஷிங்டனில் ஆரம்பிக்கவில்லை, தூத்துக்குடியில் ஆரம்பித்தார். 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்ததும் வடக்கின் கப்பல்கள் தெற்கின் துறைமுகங்களை மறித்துக்கொண்டன, இங்கிலாந்து மில்களுக்குப் பஞ்சு கிடைக்கவில்லை, அந்த நேரத்தில் நம் கரிசல் பருத்திக்கு அதுவரை காணாத விலை வந்தது. 1865-இல் போர் முடிந்தது, விலையும் இறங்கியது. இங்கே அந்த விலையை நம்பிக் கடன் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே பருத்திதான் அங்கே தெற்கில் அடுத்த முப்பது வருஷம் விவசாயியைக் கடனில் அமுக்கியது என்று சொல்லிவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

பலகையில் இரண்டு பத்தி போட்டார். ஒன்று ரொக்க விலை, இன்னொன்று கடன் விலை. சோள மாவு, உப்புப் போட்ட பன்றி இறைச்சி, உரம், கோவேறு கழுதைக்குத் தீவனம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விலை. போருக்குப் பிறகு தெற்கில் பணமும் இல்லை, வங்கியும் இல்லை, விவசாயிக்கு வருஷம் முழுக்கச் சாமான் கொடுக்கிறவர் ஊர்க் கடைக்காரர்தான், அதற்கு ஈடு இன்னும் விளையாத பருத்தி. பருத்தி எடுத்து முடிந்ததும் கணக்குத் தீர்ப்பார்கள். வெள்ளாமையைக் கடைக்காரரிடமே போட வேண்டும், விலை அவர் வைத்ததுதான், கழித்துப் பார்த்தால் பாக்கி மிச்சம். பாக்கி இருக்கிறவரை அடுத்த வருஷமும் அதே கடை. பருத்தியைத் தவிர வேறு எதற்கும் கடைக்காரர் கடன் தர மாட்டார் என்பதால் அடுத்த வருஷமும் பருத்தியேதான். சார் கடைசி வரியில் பாக்கியை எழுதி அடிக்கோடு போட்டபோது பின்வரிசை அண்ணாச்சி, "சார், இது அப்படியே கமிஷன் கடை நோட்டுல்லா" என்றார். ஹாலே திரும்பிப் பார்த்தது. எங்கள் வீட்டிலும் பருத்தி, உளுந்து போடுகிறவர்கள்தான், அந்தக் கணக்கை எனக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது தங்கம். அமெரிக்கப் பணத்தைத் தங்கத்தோடு கட்டிவைத்திருந்த காலம் அது. ஜனம் கூடுகிறது, விளைச்சல் கூடுகிறது, பணம் அந்த அளவுக்குக் கூடவில்லை, அதனால் விலை வருஷா வருஷம் இறங்குகிறது. 1894 வாக்கில் ஒரு பவுண்டு பருத்தி சுமார் 5 சென்ட். கடன் 100 டாலர் என்றால் 100 டாலர்தான், அதை அடைக்க விற்க வேண்டிய பருத்தி மட்டும் கூடிக்கொண்டே போகிறது. வெள்ளியையும் நாணயமாக அடிக்க வேண்டும், 16 பங்கு வெள்ளிக்கு 1 பங்கு தங்கம் என்ற விகிதத்தில் அடிக்க வேண்டும் என்று அவர்கள் ஏன் அப்படி அடம்பிடித்தார்கள் என்பது எனக்கு இத்தனை வருஷமாகப் புரியாத விஷயம், இந்த வகுப்பில்தான் புரிந்தது. பணம் கூடினால் விலை ஏறும், விலை ஏறினால் கடன் இளகும், அவ்வளவுதான்.

இரண்டாவது வகுப்புதான் தொடரிலேயே சிறந்தது. கட்சி பிறப்பதற்கு முன்னால் டெக்சஸில் தொடங்கிய விவசாயிகள் கூட்டமைப்பைப் பற்றியது. அவர்கள் முதலில் கட்சி தொடங்கவில்லை. கூட்டாகப் பருத்தி விற்றார்கள், கூட்டாகச் சாமான் வாங்கினார்கள், பேச்சாளர்களை ஊர் ஊராக அனுப்பிக் கடன் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார்கள். வங்கிகள் கைகொடுக்காமல் கூட்டு வியாபாரம் முடங்கியபோது, 1889-இல் சார்லஸ் மக்கூன் ஒரு திட்டம் கொண்டுவந்தார்: அரசாங்கம் கிட்டங்கி கட்டட்டும், விவசாயி விளைச்சலை அதில் வைக்கட்டும், அதன் மதிப்பில் 80 சதவீதம் வரை குறைந்த வட்டிக்கு அரசே கடன் தரட்டும், விலை ஏறும்போது அவனே விற்றுக்கொள்ளட்டும். நம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இன்றைக்குப் பொருளீட்டுக் கடன் என்று வாங்குகிறோமே, அதன் அடிப்படை இதேதான். 1889-இல் இதைக் கேட்டதற்கு அவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்ற இரண்டு பெரிய கட்சிகளும் தொடவில்லை. தனிக் கட்சி என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது அப்படித்தான். 1890-இலேயே கன்சாஸ் சட்டமன்றத்தின் கீழவை விவசாயிகள் கைக்கு வந்துவிட்டது.

1892 ஜூலை 4, ஒமாஹா நகரம். அங்கே ஏற்ற கொள்கை அறிக்கையைச் சார் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனார்: ரயிலும் தந்தியும் தொலைபேசியும் அரசுடைமை, வருமானம் கூடக் கூட வரியும் கூட வேண்டும், தபால் நிலையத்தில் சேமிப்பு வங்கி, செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது. ஜனாதிபதி வேட்பாளர் அயோவாவின் ஜேம்ஸ் வீவர், வடக்கின் படையில் தளபதியாக இருந்தவர். துணை ஜனாதிபதிக்கு வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஃபீல்ட், தெற்கின் படையில் சண்டை போட்டவர். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவரை ஒருவர் சுட்ட இரண்டு தரப்பும் ஒரே வாக்குச்சீட்டில்! இந்த இடத்தில் சார் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார், யாருக்கும் அது புரியாமல் இல்லை.

மூன்றாவது வகுப்பில் அமெரிக்க வரைபடத்தைத் தொங்கவிட்டு, கட்சி ஜெயித்த மாநிலங்களில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டார்: கன்சாஸ், கொலராடோ, நெவாடா, ஐடஹோ. அப்புறம் வடக்கு டகோட்டாவிலும் ஆரிகனிலும் ஆளுக்கொரு தேர்வாளர், அதாவது மாநிலத்தின் சார்பில் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுகிறவர். மொத்தம் 22 தேர்வாளர் ஓட்டு, மக்கள் ஓட்டு பத்து லட்சத்துக்கு மேல், அதாவது சுமார் 8.5 சதவீதம். இதைக் கேட்டதும் முன்வரிசைப் பையன் ஒருவன், 2006-இல் நம் சட்டமன்றத் தேர்தலில் தேமுதிகவும் 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, கிடைத்தது விருத்தாசலம் ஒரு தொகுதிதான், அது ஏன் என்று கேட்டான். நல்ல கேள்வி. சார் பதிலுக்கு 1992-ஐ இழுத்தார். அந்த வருஷ ஜனாதிபதித் தேர்தலில் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ கிட்டத்தட்ட 19 சதவீதம் வாங்கினார், வீவரைவிட இரண்டு மடங்குக்கும் மேல், தேர்வாளர் ஓட்டு பூஜ்யம். காரணம், பெரோவின் ஓட்டு நாடு முழுக்கப் பரவலாக விழுந்தது, வீவரின் ஓட்டு மேற்கில் சில மாநிலங்களில் குவிந்து விழுந்தது. அதிக ஓட்டு வாங்குகிறவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிற முறையில், ஓட்டு எத்தனை என்பதைவிட எங்கே விழுகிறது என்பதுதான் மூன்றாவது கட்சியின் தலையெழுத்து. "பரவிக் கிடந்தா மரியாதை உண்டு தம்பி, சீட்டு கிடையாது" என்றார். பெரோ 1995-இல் தொடங்கிய சீர்திருத்தக் கட்சி 2000-இல் அரை சதவீதம்கூட எட்டவில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் விரித்திருக்கலாம், ஆனால் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள முடியாதது நான்காவது வகுப்பு. மூன்றாவது வகுப்பு இழுத்துக்கொண்டு போனதால், கட்சி எப்படிச் சரிந்தது என்ற மொத்தக் கதையும் கடைசி ஒரு மணி நேரத்துக்குள் அடைபட்டுப்போனது. தொடரின் தலைப்பே எழுச்சியும் வீழ்ச்சியும், ஆனால் வீழ்ச்சிக்குக் கால்பங்கு நேரம்கூட இல்லை.

1896 பகுதியை மட்டும் தெளிவாக எடுத்தார். பெரிய கட்சி இரண்டும் தங்கத்தைத்தான் பிடித்துக்கொள்ளும், வெள்ளி கேட்கிறவர்கள் எல்லாம் அங்கிருந்து நம்மிடம் வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு, மக்கள் கட்சி தன் மாநாட்டை அவர்கள் மாநாடுகளுக்குப் பிந்தி வைத்தது. ஜூலையில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி வெள்ளியையே எடுத்துக்கொண்டது. 36 வயது வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ஒரே பேச்சில் வேட்பாளர் ஆகிவிட்டார். செயின்ட் லூயிஸில் கூடிய மக்கள் கட்சிக்கு இரண்டே வழி. தனியாக நின்றால் வெள்ளி ஓட்டைப் பிரித்தவர்கள் என்ற பழி, பிரையனையே ஏற்றால் கட்சி எதற்கு என்ற கேள்வி. பிரையனை ஏற்றார்கள், மானத்துக்குத் துணை ஜனாதிபதி வேட்பாளராக மட்டும் ஜார்ஜியாவின் டாம் வாட்சனை நிறுத்தினார்கள். ஒரு ஜனாதிபதி வேட்பாளர், கட்சிக்கு ஒருவராக இரண்டு துணை வேட்பாளர். தேர்வாளர் ஓட்டில் 271-க்கு 176 என்று குடியரசுக் கட்சியின் மெக்கின்லி ஜெயித்தார், கட்சி அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. நடு மேற்கில் பல மாநிலங்கள், ஒரே வேட்பாளர் பெயர் இரண்டு கட்சிகளின் கீழ் வாக்குச்சீட்டில் வரக்கூடாது என்று சட்டமும் போட்டுக் கூட்டணிக் கதவைச் சாத்திவிட்டன. நியூயார்க்கில் இன்றைக்கும் அப்படி வரலாம் என்பதால் அங்கே சின்னக் கட்சிகள் உயிரோடு இருக்கின்றன என்றார், இது எனக்குப் புதுச் செய்தி.

ஆனால் கறுப்பின விவசாயிகளின் கதை? பத்து நிமிஷம். 1892-இல் வாட்சனுக்காகப் பிரசாரம் செய்த கறுப்பினப் போதகர் ஒருவரைக் கொல்லத் தேடியபோது, அவரைக் காக்க வெள்ளை விவசாயிகள் துப்பாக்கியோடு திரண்டு வந்தார்கள். அதே வாட்சன் பிற்காலத்தில் நிறவெறியையே அரசியலாக்கி 1920-இல் செனட்டுக்குப் போனார். வட கரோலினாவில் மக்கள் கட்சியும் குடியரசுக் கட்சியும் சேர்ந்து ஆட்சியைப் பிடித்ததற்குப் பழிவாங்கலாக, 1898 நவம்பரில் வில்மிங்டன் நகரில் ஆயுதக் கும்பல் கறுப்பினத்தவர் பலரைக் கொன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட நகர நிர்வாகத்தையே விரட்டியது. கட்சி சரிந்ததில் பாதிக் காரணம் இதில்தான் இருக்கிறது. சாதிக் கணக்குப் பார்த்து ஓட்டு எண்ணுகிற ஊரில் உட்கார்ந்து இதைப் பத்து நிமிஷத்தில் தாண்டிப் போவது சரியில்லை. வகுப்பு முடிந்ததும் சாரிடமே சொன்னேன், அவரும் இதற்குத் தனி வகுப்பு வைத்திருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்.

முடிவில் ஒரு மாணவி கேட்டாள்: வருமான வரியும் செனட்டர் நேரடித் தேர்தலும் 1913-இல் அரசியல் சட்டத் திருத்தமாகவே வந்துவிட்டன, தபால் சேமிப்பு 1910-இல், விளைச்சல் மேல் கடன் 1933-இல், அப்படியென்றால் கட்சி ஜெயித்துவிட்டது என்று சொல்லலாமா சார்? சார் உடனே ஆமாம் என்று சொல்லாததுதான் இந்த வகுப்பின் தரம். "சட்டம் 1913-ல வந்துச்சும்மா, 1897-ல நிலத்தை விட்டுட்டுப் போனவனுக்கு அதனால என்ன?" என்றார். ரயில் அரசுடைமை வரவே இல்லை, வெள்ளையும் கறுப்பும் சேர்ந்த விவசாயிக் கட்சி அதற்குப் பிறகு தெற்கில் வெகுகாலம் எழவில்லை. மற்ற இடங்களில் இதே பாடத்தை "கட்சி செத்தது, கொள்கை வாழ்ந்தது" என்று ஒரு வரியில் மூடிவிடுவார்கள்.

வசதி பற்றி: மைக் கிடையாது, மின்விசிறி சத்தத்தில் பின்வரிசைக்குப் பாதி கேட்காது, ஆறு மணி என்று போட்டிருந்தாலும் ஆறே காலுக்குத்தான் தொடங்குகிறது. கொடுத்த நகல் தாள்கள் எல்லாம் ஆங்கிலம், அதுவும் மங்கல், இவ்வளவு நல்ல தமிழில் பேசுகிறவர் ஒரு பக்கமாவது தமிழில் கொடுக்கலாம். பெண்களுக்கான கழிவறை கீழ்த்தளத்தில், சாவி வாட்ச்மேனிடம், அவரைத் தேட வேண்டியிருக்கிறது, இதை உடனே சரிசெய்ய வேண்டும். இடைவேளையில் வரும் சுக்குக் காப்பி நன்றாக இருக்கிறது, கட்டணத்திலேயே அடக்கம். வகுப்பு எட்டரையைத் தாண்டுவதால் வெளியூர்க்காரர்கள் புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த தொடர் 1912-இல் தியோடர் ரூஸ்வெல்ட் தனிக் கட்சி கண்டு இரண்டாம் இடம் பிடித்த கதையாம். பெயர் கொடுத்துவிட்டேன். போகிறவர்கள் முன்வரிசையில் இடம் பிடியுங்கள், கடைசி வகுப்புக்கு நேரம் ஒதுக்கச் சொல்லி முதல் நாளே சாரிடம் கேட்டுவிடுங்கள்.