பேப்பர் போர்டிங் பாஸ் ரிவ்யூ: கோயமுத்தூர்ல இருந்து கெளம்பறவங்களுக்கு

போனு, இயர்பட்ஸு, மிக்ஸின்னு எதெதுக்கோ ரிவ்யூ போடறாங்க, நான் பீளமேட்டு ஏர்போர்ட்ல கையில குடுக்கற ஒரு துண்டுச் சீட்டுக்குப் போடறேனுங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார். காசு குடுத்தா வாங்கறோம், அதுக்கெதுக்கு ரிவ்யூன்னு கேக்காதீங்க, வெப் செக்கின் பண்ணாம கவுண்ட்டருக்குப் போனா பாஸ் அடிச்சுக் குடுக்க தனியா 200 ரூபா கேட்ட காலமும் இருந்துச்சு, 2022 ஜூலைல விமானத்துறை அமைச்சகம் அப்படியெல்லாம் எச்சா வாங்கக்கூடாதுன்னு சொல்லிருச்சு.

டிஜியாத்ராவ 2022 டிசம்பர்ல டெல்லி, பெங்களூரு, வாரணாசில ஆரம்பிச்சாங்க, இப்ப நம்மூர்லயும் வந்தாச்சு, மூஞ்சியக் காட்டினா கேட்டு தொறக்குது, உள்நாட்டு பிளைட்டுக்கு நெசமாவே சௌகரியந்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். அயர்லாந்து கம்பெனி ரயன்ஏர் 2025 நவம்பர் 12ல இருந்து பேப்பர் பிரிண்ட்டே வேண்டாம், எல்லாம் ஆப்லதான்னு மாறிட்டாங்க. இப்படி ஒரு காலத்துல நாமளே பாஸ் அடிச்சு எடுத்துக்கற கியாஸ்க் மிஷின் முன்னாடி இன்னும் ஆளு நிக்கறாங்கன்னா காரணம் இருக்கோணுமில்லீங்க.

வயசானவங்க, போனு தெரியாதவங்கதான் நிக்கறாங்கன்னு நெனைச்சீங்கன்னா ஒரு வாட்டி காலைல சென்னை பிளைட் நேரத்துக்குப் போய்ப் பாருங்க. திருப்பூர் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர் பசங்க, ஆளுக்கு ரெண்டு போனு, ரெண்டுலயும் பாஸ் இருக்கும், அப்பவும் மிஷின்ல ஒன்னு அடிச்சு சட்டைப் பாக்கெட்ல வெச்சுட்டுத்தான் உள்ள போவாங்க. ஏன்னா திரும்பி வந்ததும் அக்கவுண்ட்ஸ் அக்கா கேப்பாங்க. "தம்பி, மெயில்ல வந்த டிக்கெட் எனக்கு வேண்டாமுங்க, நீங்க ஏறிப் போனதுக்கு அந்தச் சீட்டு எங்கீங்க?" அவங்க கேக்கறதுலயும் ஞாயம் இருக்குது. டிக்கெட்டுங்கறது காசு கட்டினதுக்குத்தான் ஆதாரம், அதை கேன்சல் பண்ணி ரீபண்ட் வாங்கிட்டு நீலகிரி எக்ஸ்பிரஸ்ல போயிட்டு வந்து பிளைட் சார்ஜ் கேக்கற ஆளுகளும் உண்டுதானுங்களே. கவர்மெண்ட் உத்தியோகத்துல எல்.டி.சி.ன்னு லீவுல ஊருக்குப் போன பயணச் செலவத் திரும்ப வாங்கறதுக்குப் போட்டவங்களக் கேட்டுப் பாருங்க, போர்டிங் பாஸ் தொலைஞ்சா என்ன பாடுன்னு கதையா சொல்லுவாங்க. வெளிநாட்டுக்குப் போறப்ப இமிக்ரேஷன்ல பாஸ்போர்ட்டோட இந்தச் சீட்டுலயும் ஒரு சீல் விழறதுண்டு.

எனக்குத் தோணறது என்னன்னா இந்தச் சீட்டு பிரயாணம் பண்றவனுக்காக உயிரோட இல்லீங்க, அவனச் சுத்தி இருக்கற மத்தவங்களுக்காகத்தான் இருக்குது. செக்யூரிட்டி, கேட்டுல நிக்கற பொண்ணு, ஆடிட்டரு, அப்பறம் கூட வர்ற சொந்தக்காரங்க. போன இன்னொருத்தரு கைல குடுக்க மனசு வருமா சொல்லுங்க, சீட்டக் குடுக்கலாம்.

இது அப்பா அம்மாவத் தனியா அனுப்பறப்ப நல்லாத் தெரியும். சிங்கப்பூர்ல மகன் வீட்டுக்குப் பேரனப் பாக்கக் கெளம்பறாங்க, மகன் அங்க இருந்து ஆன்லைன்லயே எல்லாம் முடிச்சு பாஸ வாட்ஸ்அப்ல அனுப்பிருவான், அது குடும்ப குரூப்ல குட்மார்னிங் படத்துக்கும் நோம்பி வாழ்த்துக்கும் நடுவுல எங்கியோ கெடக்கும், தேடிக் கண்டுபுடிச்சா லாக் விழுகும், லாக்க எடுத்தா வெளிச்சம் பத்தாது, ஸ்கேனரு எடுக்காது, பின்னாடி நிக்கறவன் உச்சுக் கொட்டுவான். அதே கவுண்ட்டர்ல பெட்டியப் போட்டுட்டு சீட்டு வாங்கினா அந்தம்மணி பேனாவ எடுத்து கேட் நம்பரயும் ஏற நேரத்தையும் சுத்தி வட்டம் போட்டுக் குடுக்கறாங்க பாருங்க, அந்த வட்டத்துக்கே ரெண்டு ஸ்டார் குடுக்கலாம். அப்பறம் யாருகிட்ட வேணாலும் நீட்டி "ஏங்கண்ணு, இது எந்தப் பக்கம்?"னு கேட்டாப் போதும், ஒரு வார்த்தை எச்சா பேச வேண்டியதில்ல, கொண்டு போய் உக்கார வெச்சே விட்டுருவாங்க.

சீட்டுல இருக்கற பார்கோடு பத்தி ஒரு சின்னப் பழமை. முன்னெல்லாம் அட்டையா இருக்கும், பின்னாடி கருப்பா மேக்னெட் பட்டை ஓடும், அதை அடிக்கறதுக்குன்னே தனி மிஷினு வேணும். அயாட்டாங்கற உலக ஏர்லைன்ஸ் சங்கம் எல்லா ஏர்லைன்ஸையும் 2010 முடியறதுக்குள்ள பார்கோடுக்கு மாறச் சொல்லி மாத்துனாங்க. பேப்பருக்குன்னு நீளவாக்குல ஒரு கோடு, போனுக்கு சதுரமா இன்னொன்னு. அதனாலதான் நம்பியூர்லயோ காங்கேயத்துலயோ ஜெராக்ஸ் கடைல ஏ4 தாள்ல பிரிண்ட் எடுத்துட்டுப் போனாக்கூட செல்லுது. பேப்பர ஒழிக்கறதுக்கு வந்ததுன்னு நாம நெனைக்கற அந்தக் கோடுதான் பேப்பரயே மலிவாக்கி இத்தன வருசம் ஓட வெச்சிருக்குது. அதுக்குள்ள என்ன இருக்குதுன்னா பேரு, பி.என்.ஆர்., எங்க இருந்து எங்க, பிளைட் நம்பரு, சீட் நம்பரு, அப்பறம் தேதி. தேதின்னா மாசமெல்லாம் கெடையாது, வருசத்துல எத்தனாவது நாளுன்னு மூணு இலக்கம், பிப்ரவரி 1ன்னா 032. எஸ்.ஈ.கியூ.ன்னு ஒரு நம்பரு இருக்கும், அது நீங்க எத்தனாவதா செக்கின் பண்ணீங்கன்னு காட்டறது, சீட் நம்பருன்னு நெனைச்சுப் போய் அடுத்தவங்க எடத்துல உக்காந்துக்காதீங்க.

பேருக்கு ஒதுக்கினது 20 எழுத்துதானுங்க. நம்ம பக்கத்துப் பேருக்கெல்லாம் அது எங்க பத்தும்? கருப்பணசாமி பொன்னுசாமின்னு ஒருத்தரு இருந்தாருன்னா இங்கிலீஷ்ல கருப்பணசாமி முழுசா உள்ள உக்காந்துக்குவாரு, நடுவுல ஒரு சாஞ்ச கோடு, பொன்னுசாமில பாதி வெளிய நிப்பாரு. சின்னப் பேரா இருந்து எடம் மிஞ்சினா வாலா எம்.ஆர்.னு எடம் விடாம ஒட்டிக்கும், நம்ம பேர நாமளே கண்டுபுடிக்க நேரமாகும். பயப்பட வேண்டியதில்ல, செக்யூரிட்டில இதெல்லாம் தெனமும் பாக்கறவங்க.

கொறைச்ச ஒரு ஸ்டார் எதுக்குன்னா, மொதக் காரணம் தமிழ் இல்ல. வயசானவங்களுக்கு இவ்வளவு ஒதவற சீட்டுல அவங்களே படிக்கற மாதிரி ஒரு வரி கெடையாது, கோட்டுக்குள்ள இங்கிலீஷ் எழுத்துதான் வரணும்னா வந்துட்டுப் போகட்டும், மேல வெறும் எடம் அவ்வளவு கெடக்குதே, கேட்டு, நேரம், உக்கார்ற எடம்னு மூணு வார்த்தைய தமிழ்ல அடிச்சா மையா தீர்ந்துரும்? சொல்லப்போனா மையே இல்ல, அது சூட்டுல கருக்கற தெர்மல் பேப்பரு. ரெண்டாவது குறையும் அதேதான். சித்திரை வெயில்ல கார் டேஷ்போர்டு மேல வெச்சா கருத்துரும், வெளிச்சத்துல கெடந்தா மங்கிரும், கிளெய்ம் போடறப்ப வெள்ளைத் தாள நீட்ட வேண்டியதுதான். பத்திரப்படுத்தறேன்னு லேமினேஷனுக்குக் குடுத்துறாதீங்க, சூட்டுக்கு மொத்தமும் கருப்பாயிரும். எறங்கினதும் ஒரு ஜெராக்ஸ், அவ்வளவுதான்.

இன்னொன்னு, சீட்ட மடியில வெச்சுப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடற பழக்கம். பி.என்.ஆரும் பேரும் இருந்தாலே நெறைய ஏர்லைன்ஸ் சைட்ல உங்க புக்கிங்க வேற ஒருத்தன் தொறந்து பாக்கலாம். பேர மட்டும் அழிச்சுட்டு கோட்ட அப்படியே விடறாங்க, எல்லாமே அந்தக் கோட்டுலதான இருக்குது.

கியாஸ்க்ல எடுக்கறவங்களுக்கு: பி.என்.ஆர். போட்டதும் லாஸ்ட் நேம் கேக்கும். இனிஷியலா, அப்பா பேரான்னு ரோசனை பண்ணிட்டு நிக்காதீங்க, நம்ம பேருக்கு அதுக்கு நேரான பதிலு கெடையாது, புக் பண்ணினவன் எந்தக் கட்டத்துல என்ன போட்டானோ அதுதான் செல்லும். மெயில்ல வந்த டிக்கெட்டத் தொறந்து கடைசில இருக்கற பேர அதே எழுத்துக்கூட்டுல போடுங்க. ரெண்டு தடவை எடுக்கலைன்னா கவுண்ட்டருக்குப் போயிருங்க, பேனா வட்டமாவது கெடைக்கும்.