பாறையும் மண்ணும்: வகுப்பறையில் ஒரு படநூல்

பாளையங்கோட்டைக் கடையொன்றில் வாங்கிய, பாறைகளைப் பற்றிய படநூலொன்றை நான்காம் வகுப்பில் ஒரு வாரம் பயன்படுத்தினேன். மலையில் உடைந்த முரட்டுக் கல் ஆற்றோடு உருண்டு, முனை மழுங்கிக் கூழாங்கல்லாகி, கடைசியில் மணலாவதை 6 பக்கங்களில் சொற்களே இல்லாமல் காட்டியிருப்பது மிகச் சிறப்பு. தாமிரபரணிக் கரையில் பொறுக்கிய கற்களை அப்படங்களின்மேல் வைத்துப் பிள்ளைகளே வரிசைப்படுத்தினார்கள். ஆனால், மலை என்றாலே எரிமலையாக வரைந்திருப்பது பெருங்குறை. "பொதிகைக்குள்ளயும் நெருப்பு இருக்கா டீச்சர்?" என்று ஒரு சிறுமி அஞ்சிக் கேட்டாள், நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழம்பாறை அது என்று நான் தனியே விளக்க வேண்டியிருந்தது. மண்ணுக்கும் ஒரே பழுப்பு நிறம்தான். இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்த தேரி மணலையும் கோவில்பட்டிக் கரிசலையும் அறிந்த பிள்ளைகளுக்கு இது போதாது. கூழாங்கல் பக்கங்களுக்காகவே வாங்கலாம். எரிமலைப் பக்கத்தை மட்டும் ஆசிரியர் உடனிருந்து நடத்த வேண்டும்.